காய்க்காத ஆண்டுகளின் காடு

மரம் ஆண்டுதோறும் காய்க்கும் என்ற எதிர்பார்ப்பைத் தோட்டமும் சந்தையும் மனிதர்களுக்குப் பழக்கியிருக்கின்றன. மலைக்காடு அந்த எதிர்பார்ப்புக்கு உட்பட்டு நடந்ததில்லை. ஓர் ஆண்டில் கிளை தாழ விளைந்த மரம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வெறும் இலையோடு நிற்பதும், ஒரே சரிவிலுள்ள ஒரே இனத்து மரங்கள் சேர்ந்து ஓய்ந்து சேர்ந்து விளைவதும் உலகின் பல மலைகளில் காணப்படும் நிகழ்வுகள். விதையில்லாத ஆண்டுகளை வெறும் குறையாகக் கருதுவது எளிது. ஆனால் ஒரு காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முறையை உற்று நோக்கும்போது, அந்த இடைவெளிகளும் அதன் உழைப்பின் பகுதியே என்பதும், அவற்றைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் மலையைக் காக்காது என்பதும் விளங்கும்.

மும்பையில் வாழும் தமிழருக்கு இது தொலைவிலுள்ள பொருளன்று. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு முனைகளோடும் அவர்கள் வாழ்வு பிணைந்திருக்கிறது. தாராவியின் தமிழ்க் குடும்பங்களில் பல திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவை. அவர்களின் சொந்த ஊர் வயல்களில் பாயும் தாமிரபரணி, மலைத்தொடரின் தென்கோடியில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் பொதிகையின் காடுகளில் பிறக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குழாயில் வரும் நீரோ, 1892 முதல் நகருக்கு நீர் தரும் தான்சா ஏரியையும் பாட்சா, வைதரணா நீர்த்தேக்கங்களையும் சார்ந்தது. அவற்றை நிரப்புவது, அதே மலைத்தொடரின் வடபகுதியான சஹ்யாத்திரியிலும் அதன் அடிவாரக் காடுகளிலும் பெய்யும் பருவமழை. மழைநீரை மண்ணுக்குள் இறக்கி மெல்ல விடுவிப்பது சரிவுகளிலுள்ள காடு. அந்தக் காடு அடுத்த நூற்றாண்டிலும் நிற்குமா என்பதை முடிவு செய்வது, அதன் மரங்கள் எந்த உயரத்தில், எந்த ஆண்டில், எவ்வளவு விதை தருகின்றன என்பது.

விதை உருவாவது மரத்துக்குப் பெருஞ்செலவு. இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஈட்டும் மாவுப்பொருளை மரம் தண்டு வளரவும் வேர் ஓடவும் இலை தளிர்க்கவும் பங்கிட்ட பிறகே பூவுக்கும் கனிக்கும் ஒதுக்க முடியும். தழைச்சத்தும் மணிச்சத்தும் விதைக்குள் செறிவாகப் போய்ச் சேர்வதால், ஒரு பெருவிளைச்சலுக்குப் பின் அவற்றை மண்ணிலிருந்து மீண்டும் திரட்ட மரத்துக்குக் காலம் வேண்டும். பல மரங்களில் இந்த வேலை ஒரே பருவத்தில் முடிவதில்லை: மொட்டு உருவாவது ஓர் ஆண்டு, அது மலர்ந்து கனிவது மறு ஆண்டு என்று நீள்வதால், இன்று மண்ணில் விழும் விதை கடந்துபோன வெயிலையும் மழையையும் குளிரையும் சேர்த்துத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஓர் ஆண்டின் வானிலையை மட்டும் பார்த்து அவ்வாண்டின் விளைச்சலைச் சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

இந்தச் செலவின் ஒவ்வொரு படியிலும் உயரம் குறுக்கிடுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. குளிரில் இலையின் ஈட்டல் குறைகிறது. உதிர்ந்த இலை மட்கும் வேகமும் குறைவதால் சத்துகள் மண்ணுக்குத் திரும்பத் தாமதமாகிறது. மகரந்தக்குழல் சூலகத்தை நோக்கி வளரும் வேகம் தளர்கிறது. தேனீக்கள் பறக்கும் நேரம் சுருங்கி, அவற்றின் இடத்தை ஈக்களும் பறவைகளும் ஓரளவு நிரப்புகின்றன. பருவங்கள் கூர்மையாகப் பிரியும் மலைகளில், கனி முதிர்வதற்குக் கிடைக்கும் கதகதப்பான நாட்களும் உயரே போகப்போகக் குறைகின்றன. இவ்வளவையும் தாண்டி உருவாகும் விதைகளிலும் உள்ளீடற்ற பதர் மிகுதியாக இருக்கலாம். ஆகவே உயரமான காட்டில் விதை குறைவு என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள், பூ குறைவு, கருவுறுதல் குறைவு, முதிர்வு குறைவு என்ற மூன்று வெவ்வேறு குறைவுகள் அடங்கியிருக்கின்றன. எது எங்கே முதன்மை என்பது மலைக்கு மலை மாறும்.

இதை நெடுங்காலம் அளந்து பார்த்த இடங்களுள் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள கிரெய்கிபர்ன் மலை முக்கியமானது. அங்கே 1,000 மீட்டருக்குச் சற்று மேலிருந்து மரங்கள் வளரக்கூடிய மேல் எல்லை வரை வெவ்வேறு உயரங்களில், மரங்களின் கீழே விதையை ஏந்தும் கலங்களை வைத்து, மலைப் பீச் மரத்தின் விதைப் பொழிவை 1960களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் அளந்து வந்திருக்கிறார்கள். மேல் எல்லையை நெருங்கும்போது சராசரி விளைச்சல் சரிவதையும், விதையே விழாத ஆண்டுகள் அங்கு மிகுவதையும் அந்த அளவீடுகள் காட்டின. 2013இல் டேவ் கெல்லியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டின் பல தாவரங்களுக்கு விளைச்சலை முன்கூட்டிச் சொல்ல வல்லது ஒரு கோடையின் வெப்பம் மட்டும் அன்று, அடுத்தடுத்த இரு கோடைகளுக்கு இடையிலான வேறுபாடே என்று எடுத்துக்காட்டியது: குளிர்ந்த கோடையைத் தொடர்ந்து வெப்பமான கோடை வரும்போது, அதற்கடுத்த ஆண்டில் காடு முழுவதும் விளைகிறது.

ஒரே இனத்து மரங்கள் இவ்வாறு பல ஆண்டு ஓய்ந்து ஒரே ஆண்டில் கூட்டமாக விளைவதை ஒத்திசைந்த பெருவிளைச்சல் எனலாம். அதன் பயனை விளக்க இரண்டு கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன. விதையைத் தின்னும் அணில், எலி, வண்டு ஆகியவை ஓய்வு ஆண்டுகளில் உணவின்றிக் குறைகின்றன. பெருவிளைச்சல் ஆண்டில் அவை தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை குவிவதால் எஞ்சியது முளைக்கிறது என்பது ஒன்று. எல்லா மரங்களும் ஒரே நேரத்தில் பூக்கும்போது, குறிப்பாகக் காற்றால் மகரந்தம் பரவும் இனங்களில், கருவுறுதல் சிறக்கிறது என்பது மற்றது. இரண்டு விளக்கங்களிலும் ஓய்வுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்திய வனத்துறையின் பழைய அறிஞர்களும் இதை அறிந்திருந்தார்கள்: ஆர். எஸ். ட்ரூப் 1921இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இந்திய மரங்களின் வளர்ப்பியல் நூலின் மரபில், இமயத்தின் தேவதாருவுக்கும் அடிவாரத்தின் சால் மரத்துக்கும் நல்ல விதை ஆண்டுகள் விட்டுவிட்டே வரும் என்பது கருத்தில் கொள்ளப்பட்டது. மரத்தை விற்பனைப் பொருளாகப் பார்த்த ஆட்சியே காட்டின் இடைவெளிகளுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கது.

குளிர்நாட்டு மலைகளின் விதியை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பொருத்த முடியாது. இங்கே உயரத்துக்கு இணையாக, மழையற்ற மாதங்களின் எண்ணிக்கையும் காட்டை வடிவமைக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ழான்-பியேர் பஸ்கால், இம்மலையின் பசுமைமாறா ஈரக்காடுகளைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில், உயரம் ஏறும்போது குறையும் வெப்பத்தையும், தெற்கிலிருந்து வடக்கே செல்லும்போது நீளும் கோடையையும் இரு அச்சுகளாகக் கொண்டே காட்டு வகைகளைப் பிரித்தார். பொதிகைப் பகுதியில் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்வதால் வறண்ட மாதங்கள் இரண்டு மூன்றுக்கு மிகுவதில்லை. மும்பைக்குக் கிழக்கே உள்ள சஹ்யாத்திரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை கொட்டித் தீர்த்தபின் ஏழெட்டு மாதங்கள் வானம் வறண்டு கிடக்கிறது. ஆண்டின் மொத்த மழை இரண்டு இடங்களிலும் மிகுதியே. எனினும் விதைக்கு வாய்க்கும் காலம் இரண்டு இடங்களிலும் வேறுபடுகிறது.

தென்முனையின் நிலையை, 1988இல் அமைந்த களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்திலுள்ள காக்காச்சிக் காட்டில் 1990களில் டி. கணேஷ், பிரியா தவிதார் ஆகியோர் நடத்திய ஆய்வுகள் விளக்குகின்றன. அக்காட்டின் முதன்மை மரங்களுள் ஒன்று வெடிபலா. கிளைகளின் மேல் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அதன் சதைப்பற்றுள்ள பூக்கள், வேறு கனிகள் குறைந்திருக்கும் மாதங்களில் குரங்கு, அணில், வௌவால் எனப் பல உயிர்களுக்கு உணவாகின்றன. முள் நிறைந்த அதன் காயைப் பிளந்து பெரிய விதைகளைச் சிங்கவால் குரங்கும் மலையணிலும் தின்கின்றன. பூவாகவே ஒரு பகுதியும், முற்றாத காயாக ஒரு பகுதியும் இழந்து எஞ்சியதே மண்ணை அடைகிறது. மரம் எத்தனை பூ பூத்தது என்பதற்கும் காட்டுக்கு எத்தனை கன்று கிடைத்தது என்பதற்கும் இடையில் எத்தனை வாய்களும் எத்தனை வானிலைகளும் நிற்கின்றன என்பதற்கு இம்மரம் தெளிவான சான்று. அங்குள்ள ஒரு மரவினம் குறைந்தால் மறைவது நிழல் மட்டுமன்று. ஒரு பருவத்தின் உணவே மறைகிறது.

வடமுனைக்கு வந்தால் மும்பைக்கு மிக அருகிலுள்ள மலைக்காடுகளுள் ஒன்று ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் மாத்தேரானின் மேட்டுநிலத்தில் இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத அவ்வூரின் காட்டிலும், மகாபலேஷ்வர், பீமாசங்கர் காடுகளிலும் நாவலும், மராத்தியர் அஞ்சனி என்றழைக்கும் காயா மரமும் ஓங்கி நிற்கின்றன. கோடையில் நீலநிறப் பூக்களால் மூடப்படும் காயாவும், வறண்ட மாதங்களில் பூத்து மழையின் வாசலில் கனியும் நாவலும் ஒரே கணக்கைப் பின்பற்றுகின்றன: முதல் மழையில் நனைந்த மண்ணில் விதை விழ வேண்டும், அடுத்த கோடை வருவதற்குள் நாற்றின் வேர் ஆழம் போய்விட வேண்டும். நாவல் விதை காய்ந்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. தேக்கு விதையைப் போலக் கடினமான ஓட்டுக்குள் பல காலம் காத்திருக்க அதனால் இயலாது. பருவம் தவறி மேயில் பெய்யும் மழையோ, ஜூன் இறுதி வரை தள்ளிப்போகும் மழையோ இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். குளிர்நாட்டு மலையில் உயரம் எதைச் செய்கிறதோ, அதற்கு இணையான கட்டுப்பாட்டை இங்கே நாள்காட்டி செய்கிறது.

இன்னும் உயரே, நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் 1,800 மீட்டருக்கு மேல் புல்வெளிகளுக்கு நடுவே மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளில், வேறொரு தடை குறுக்கிடுகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி இறங்குகிறது. சோலை மரங்களின் சிறுகனிகளைப் பறவைகள் புல்வெளிக்குக் கொண்டுபோய் இட்டாலும், அங்கு முளைக்கும் நாற்றை உறைபனியும் புல்வெளித் தீயும் வாழவிடுவதில்லை என்பது சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான கூரிய எல்லைக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம். விதை விளைவது ஒன்று, விதை வேரூன்றுவது வேறு. உயரம் இரண்டையும் தனித்தனியாகத் தீர்ப்பிடுகிறது.

மரமல்லாத ஒரு செடியினத்தில் இந்தக் காத்திருப்பு உச்சத்தை எட்டுகிறது. தமிழர் அறிந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கிறது. 2006இலும் 2018இலும் மூணாறு மலைகளை அது மூடியது. அதே பேரினத்தைச் சேர்ந்த கார்வி என்னும் புதர், மும்பை நகரத்துக்குள்ளேயே உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் 500 மீட்டரை எட்டாத குன்றுகளிலும் சஹ்யாத்திரிச் சரிவுகளிலும் ஏழாண்டுகள் இலையாக மட்டும் வாழ்ந்து எட்டாவது ஆண்டில் ஒருசேரப் பூத்து, விதைத்து, மடிகிறது. 2008, 2016, 2024 ஆகியவை அதன் பூக்காலங்கள். முற்றிய காய்கள் காய்ந்த புதரிலேயே அடுத்த மழை வரை காத்திருந்து, முதல் மழை பட்டதும் படபடவென வெடித்து விதையைத் தெறிக்கச் செய்கின்றன. ஒரே ஆண்டில் மண்ணுக்கு வரும் அந்த விதைக் குவியலில்தான் அடுத்த எட்டாண்டுக் கார்விக்காடு அடங்கியிருக்கிறது. அந்த ஒரே பருவத்தில் தீயோ மேய்ச்சலோ மிதியோ நேர்ந்தால், இழப்பு ஒரு தலைமுறைக்கு உரியது.

ஓய்வு ஆண்டு என்பது மும்பைக்காரர் அறியாத செய்தியன்று. மாட்டுங்காச் சந்தையில் ஏப்ரல், மே மாதங்களில் அல்போன்சோ மாம்பழத்தின் விலை ஓராண்டு இறங்கி மறு ஆண்டு ஏறுவதற்குப் பின்னுள்ள காரணங்களுள், அந்த இனம் ஒன்றுவிட்ட ஆண்டு காய்க்கும் இயல்புடையது என்பதும் ஒன்று. டிசம்பர், ஜனவரி மாதத்துக் குளிர்ந்த இரவுகள் கொங்கண் தோட்டங்களில் பூ எழுவதற்குத் துணையாகின்றன. அவ்விரவுகள் வெப்பமாகிவிட்டால் பூ எழவேண்டிய நுனியில் தளிர் எழுகிறது. ஓய்வு ஆண்டை அகற்றும் முயற்சிகள் இரு வழிகளில் நடந்தன. வேங்குர்லாவின் பழ ஆய்வு நிலையத்தில், ஆண்டுதோறும் காய்க்கும் தமிழ்நாட்டு நீலத்தையும் அல்போன்சோவையும் இணைத்து உருவாக்கிய ரத்னா என்னும் இனம் 1981இல் வெளியிடப்பட்டது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்திப் பூவைத் தூண்டும் பக்லோபுட்ரசால் என்னும் வேதிப்பொருளை மண்ணில் ஊற்றும் வழக்கமும் தோட்டங்களில் பரவியது. தோட்டத்தில் இந்த முயற்சிகளுக்கு நியாயம் உண்டு. உழவர் ஆண்டுதோறும் உண்ண வேண்டும். மலைக்காட்டிலோ ஓய்வை அகற்றுபவர் இல்லை. அகற்றப்பட்டால் விதை தின்னிகள் பெருகிவிடும் என்பதால், அகற்ற வேண்டிய தேவையும் இல்லை.

ஓய்வு ஆண்டுகளில் காட்டுவிலங்குகள் பிழைப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு அத்தியினங்கள் ஒரு விடையைத் தருகின்றன. ஒரே இனத்து அத்தி மரங்கள் ஒத்திசைந்து காய்க்காமல் ஒன்று ஓயும்போது மற்றொன்று காய்ப்பதாலும், அவற்றின் மகரந்தச் சேர்க்கையைச் செய்யும் சிறு குளவிகளுக்கு எப்போதும் ஏதேனும் ஒரு மரத்தில் காய் வேண்டியிருப்பதாலும், காட்டின் பஞ்ச மாதங்களிலும் அத்தி கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கான சேகரு என்னும் மலையணிலுக்காக 1985இல் பீமாசங்கரில் அமைந்த சரணாலயத்தைப் பற்றி எண்ணும்போதும் இது நினைவிலிருக்க வேண்டும்: ஒரு விலங்கைக் காப்பதென்பது, அதன் ஓராண்டு உணவுக்கு மட்டுமன்றி, விளையாத ஆண்டுகளின் உணவுக்கும் இடம் விடுவதே.

வெப்பமாகும் உலகில் இந்தக் கணக்குகள் கலைந்து வருகின்றன. இங்கிலாந்தின் பீச் மரங்களை 1980 முதல் கண்காணித்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பம் கூடியதால் மரங்களின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சமமாகி, ஒத்திசைவு தளர்ந்து, அதனால் விதை தின்னும் அந்துப்பூச்சி பயனடைந்து, முளைக்கத் தக்க விதைகள் குறைந்தன என்று காட்டியது. மரம் கூடுதலாகக் காய்த்தும் காடு நலிவுறலாம் என்ற உண்மை, காய்ப்பின் அளவை மட்டும் வளமாகக் கருதும் பழக்கத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. மலைகளில் மற்றொரு விளைவும் உண்டு. குளிரைத் தேடி மரவினங்கள் மேல்நோக்கி நகர வேண்டுமானால், அவற்றின் விதை மேலே செல்ல வேண்டும், அங்கு நிலம் இருக்க வேண்டும். தெற்கில் 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த மலைகளும் இன்னும் ஏறுவதற்கு இடம் தருகின்றன. சஹ்யாத்திரியின் உயர்ந்த சிகரமான கல்சுபாய் 1,646 மீட்டரோடு முடிகிறது. மாத்தேரானும் பீமாசங்கரும் அதற்கும் கீழே மட்டமான மேட்டுநிலங்களில் முடிகின்றன. மேலே போக இடமில்லாத காடு, தான் நிற்கும் உயரத்திலேயே, ஒவ்வொரு பெருவிளைச்சல் ஆண்டையும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டாக வேண்டும்.

ஆகவே பாதுகாக்க வேண்டியவை எவை என்பதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. முதலாவது, விதை தரும் வளர்ந்த மரங்கள். இன்று நடப்படும் காட்டு மரக்கன்று பல ஆண்டுகள், சில இனங்களில் பல பத்தாண்டுகள் கழித்தே விதையுலகுக்குள் நுழையும். அதுவரை மலையின் விதைக்கு வேறு வழியில்லை. மகாராஷ்டிரத்தின் தேவ்ராய்கள், தமிழ்நாட்டின் கோயில்காடுகளைப் போலவே வெட்டாமல் விடப்பட்ட தெய்வக்காடுகள், இத்தகைய தாய்மரங்களின் களஞ்சியங்களாக இருப்பதை மாதவ் காட்கிலும் வி. டி. வர்த்தக்கும் 1970களில் எழுதினார்கள். இரண்டாவது, தொடர்ச்சியான சரிவு: வெவ்வேறு உயரங்களில் ஓர் இனம் நிற்கும்போது, ஓர் உயரத்தில் விளையாத ஆண்டில் வேறோர் உயரம் விளையக்கூடும்; நடுவே சாலையும் கட்டடமும் வெட்டிய சரிவில் அந்த மாற்று வழியும் அறுந்துபோகிறது. மூன்றாவது, காலம். வால்பாறையில் சிதைந்த மழைக்காடுகளை மீட்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், விதை விளைந்தபோது திரட்டி நாற்றங்காலில் வளர்த்து நடும் முறையையே பின்பற்றுகிறார்கள். சேமித்து வைக்க முடியாத விதைக்கு வேறு நாள்காட்டி இல்லை. தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாக இருந்த இடத்தில் எழுந்து 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவும், நகரத்தாலும் பொறுமையாகக் காடு வளர்க்க முடியும் என்பதற்குச் சான்று.

ஆண்டுக்கு இத்தனை இலட்சம் கன்று என்ற இலக்கு, கணக்கேட்டில் நிறையுமே தவிர மலைக்கு அது போதாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள், நகரத்துக் குன்றுகளிலிருந்து மாத்தேரான் வரையிலும் அதற்கப்பால் கல்சுபாய் வரையிலும் குறிப்பிட்ட உயரங்களில் குறிப்பிட்ட மரங்களைத் தேர்ந்து, அவற்றின் கீழே விதையேந்தும் வலைகளை விரித்து, பூத்த ஆண்டையும் பூக்காத ஆண்டையும் ஒரே அக்கறையோடு குறித்துவந்தால், கிரெய்கிபர்னில் நடந்தது சஹ்யாத்திரியிலும் நடக்கும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். தலைமுறைகள் கைமாற்றிக்கொள்ளும் ஏடு ஒன்று வேண்டும். பூக்காத ஆண்டில் வெறுமையாக நிற்கும் கட்டம்கூட அந்த ஏட்டில் ஒரு தரவே. அந்த வெறுமையைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமையும், அந்த ஆண்டுகளிலும் மரத்தை வெட்டாமல் விடும் சட்டமும் சேர்ந்தால்தான் நகரின் நீரையும் மலையின் காட்டையும் ஒருங்கே காக்க முடியும்.